சிவப்பு சிக்னலில் உறுமிய ராட்சசர்கள்: 60-களின் 'மஸில் கார்' ரேஸை அமெரிக்கா ஏன் இன்னும் மறக்கவில்லை?

ஒரு ரோடு, ஒரு சிக்னல், பக்கத்தில் வந்து நிற்கும் ஒரு கார். 60 வருஷம் ஆகியும் அந்தக் கதையைப் பேசி முடிக்காத தாத்தாக்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும், சொல்லாமல் விடுவதையும் பார்ப்போம்.

'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்' முதல் படம் பார்த்திருக்கீங்களா? 2001-ல் வந்தது. அதில் ஹீரோ டாம், ஒரு ஷெட்டைத் திறந்து கறுப்பு நிறக் கார் ஒன்றைக் காட்டுவார். 1970 மாடல் டாட்ஜ் சார்ஜர். அப்பாவோடு சேர்ந்து உருவாக்கிய கார். ஆனால், தான் அதை ஓட்டினதே இல்லை, பயமா இருக்கு என்பார். அவருடைய அப்பா ரேஸில் இறந்தவர்.

படம் முழுக்க ஜப்பான் கார்கள் கலர் கலராகப் பறந்தாலும், கிளைமாக்ஸில் வெளியே வருவது அந்தப் பழைய சார்ஜர்தான். 2001-ல் டீன் ஏஜில் இருந்த பசங்களுக்கு, அவங்க பிறப்பதற்கு முன்னாடி வந்த கார் மேல அப்படி என்ன மயக்கம்?

அதைப் புரிஞ்சுக்க ஹாலிவுட்டை விட்டுட்டு, டெட்ராய்ட் நகரத்துக்குப் போகணும். மிச்சிகன் மாநிலத்தில், உட்வர்டு அவென்யூ என்ற ஒரு ரோட்டுக்கு.

முதல்ல, மஸில் கார்னா என்ன?

ஃபெராரி மாதிரியான ஸ்போர்ட்ஸ் கார் வேற, மஸில் கார் வேற. ஸ்போர்ட்ஸ் கார் என்பது வளைவில் வேகமாகத் திரும்பவும், சட்டென்று நிற்கவும் பார்த்துப் பார்த்துச் செய்யப்படுவது. விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

மஸில் காரின் ஃபார்முலா ரொம்ப சிம்பிள். குடும்பத்தோடு கடைக்குப் போகிற சாதாரண நடுத்தர சைஸ் காரை எடுத்துக்கோங்க. பெரிய சொகுசு காருக்கு வைக்கிற ராட்சச வி8 என்ஜினை அதில் இறக்குங்க. விலையைச் சின்னப் பசங்க தவணையில் கட்டுற அளவுக்கு வைங்க. முடிஞ்சது.

நம்ம ஊர்ல ஓடுற பல சின்ன கார்களின் என்ஜின் 1 முதல் 1.2 லிட்டர் வரைதான். மஸில் கார்களில் இருந்தவை 6 லிட்டர், 7 லிட்டர்! ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின் சக்கரம் புகையைக் கக்கும், முன்பக்கம் லேசாகத் தூக்கும். நேர்க்கோட்டில் அதை அடிச்சுக்க ஆளில்லை. வளைவு வந்தால்தான் சிக்கல். அந்தச் சிக்கலுக்குப் பிறகு வருவோம்.

விதியை ஏமாற்றிப் பிறந்த கார்

மஸில் கார் யுகத்தைத் தொடங்கி வைத்ததாகப் பெரும்பாலானவர்கள் சொல்வது, 1964 மாடல் போன்டியாக் ஜி.டி.ஓ. அது பிறந்த கதையே ஒரு சேட்டைக் கதைதான்.

1963 தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், "இனி நம்ம பிராண்டுகள் எதுவும் ரேஸ் பக்கம் போகக் கூடாது" என்று தடை போட்டது. நடுத்தர சைஸ் கார்களில் 330 கன அங்குலத்துக்கு, அதாவது சுமார் 5.4 லிட்டருக்கு மேல் என்ஜின் வைக்கக் கூடாது என்ற விதியும் இருந்தது.

போன்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய குழுவும் அந்த விதியை நல்லாப் படிச்சாங்க. புது கார் மாடலுக்குத்தான் மேலிடத்தின் அனுமதி வேணும். ஏற்கெனவே இருக்கிற காருக்கு 'எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்' கொடுக்க அனுமதி தேவையில்லை! உடனே டெம்பஸ்ட் லீமான்ஸ் என்ற காருக்கு, சுமார் 295 டாலருக்கு ஒரு 'ஆப்ஷன் பேக்கேஜ்' போட்டாங்க. அந்த பேக்கேஜில் இருந்தது 6.4 லிட்டர் வி8 என்ஜின். 325 குதிரைத் திறன். இன்னும் கொஞ்சம் காசு போட்டால் 348.

பெயரையும் ஃபெராரியின் புகழ்பெற்ற 250 ஜி.டி.ஓ-விடமிருந்தே கூச்சமில்லாமல் எடுத்துக்கிட்டாங்க. 5,000 கார் வித்தாலே பெரிசு என்று மேலிடம் நினைத்தது. முதல் வருஷமே வித்தது 32,450. 1966-ல் அந்த எண்ணிக்கை 96,946.

யார் வாங்கினாங்க? இங்கேதான் ஒரு கணக்கு இருக்கு. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவில் குழந்தைப் பிறப்பு எகிறியது. 1946-ல் பிறந்த முதல் செட் குழந்தைகளுக்கு 1964-ல் வயது 18! கையில் லைசென்ஸ், ஊரில் கார் ஃபேக்டரி வேலை, ஒரு கேலன் பெட்ரோல் சுமார் 30 சென்ட். ஒரு கேலன் என்பது கிட்டத்தட்ட 3.8 லிட்டர். இப்படி ஒரு தலைமுறைக்கு, சரியாக அவர்களின் 18-வது வயசில் இப்படி ஒரு கார் கிடைத்தது.

43 கிலோமீட்டர் கனவு ரோடு

கார் ரெடி. ஓட்ட ரோடு வேணுமே?

உட்வர்டு அவென்யூ, டெட்ராய்ட் நகரின் ஆற்றங்கரையில் தொடங்கி போன்டியாக் என்ற ஊர் வரை சுமார் 43 கி.மீ நீளம் போகும். ஆமா, கார் பிராண்டுக்குப் பெயர் கொடுத்த அதே ஊர்தான். அமெரிக்காவின் முதல் கான்கிரீட் ஹைவே 1909-ல் போடப்பட்டது இந்த ரோட்டின் ஒரு மைல் தூரத்தில்தான். ஃபோர்டு நிறுவனம் மாடல்-டி காருக்கு ஓடும் அசெம்ப்ளி லைனை 1913-ல் அறிமுகப்படுத்திய ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலை இருப்பதும் இதே ரோட்டில். அமெரிக்காவின் கார் வரலாற்றையே ஒரு நேர்க்கோடாக வரைந்தால் அது உட்வர்டு மாதிரி இருக்கும்.

நகர எல்லையான 8 மைல் ரோட்டைத் தாண்டியதும் புறநகர் ஆரம்பிக்கும். அங்கே ரோடு நல்ல அகலம். நடுவில் புல் போட்ட மீடியன். யு-டர்ன் எடுக்க அடிக்கடி இடைவெளி. ஓரத்தில் வரிசையாக 'டிரைவ்-இன்' ஹோட்டல்கள். காரை விட்டு இறங்காமலே பர்கரும் மில்க் ஷேக்கும் வாங்கிச் சாப்பிடுகிற இடங்கள். டெட்ஸ், டோட்டம் போல் போன்ற பெயர்களைச் சொன்னால் அந்தக் கால ஆட்களுக்கு இன்னும் கண் மின்னும்.

வெள்ளி, சனி இரவுகளில் பசங்க இந்த ரோட்டில் மேலும் கீழுமாகச் சுத்துவாங்க. இதுக்குப் பேர் 'குரூஸிங்'. எங்கேயும் போகறதுக்காகக் கிடையாது. யார் எந்தக் காரில் வந்திருக்காங்க, யாருடைய பானட்டுக்கு அடியில் என்ன இருக்கு, யார் கூட யார் உட்கார்ந்திருக்காங்க என்று பார்க்க. அவங்களுக்கு இன்ஸ்டாகிராமும் அதுதான், வாட்ஸ்அப் குரூப்பும் அதுதான்.

ரேஸ் எப்படி நடக்கும்?

பெரும்பாலும் திட்டமே இருக்காது. சிவப்பு சிக்னல். பக்கத்தில் ஒரு கார் வந்து நிற்கும். டிரைவர் திரும்பிப் பார்ப்பார். ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டுவார், என்ஜின் உறுமும். நீங்களும் ஒரு தட்டு தட்டினால் 'சம்மதம்' என்று அர்த்தம். பச்சை விழுந்ததும் இரண்டு பேரும் பாய்வாங்க. அடுத்த சிக்னலுக்குள் முடிவு தெரிஞ்சுடும்.

இன்னும் சீரியஸான ஆட்கள் டிரைவ்-இன் பார்க்கிங்கில் பேசி முடிப்பாங்க. பணம் கட்டுவாங்க. நள்ளிரவுக்கு மேல் ஆள் நடமாட்டம் குறைந்த இடத்துக்குப் போவாங்க. தூரம் வழக்கமாகக் கால் மைல், அதாவது 402 மீட்டர். 1964 ஜி.டி.ஓ மாதிரி கார் அந்தத் தூரத்தை சுமார் 15 விநாடியில் முடிக்கும். முடிக்கும்போது வேகம் கிட்டத்தட்ட 160 கி.மீ!

15 விநாடி. ஒரு ரீல்ஸ் ஓடுற நேரம். ஆனால் அந்த 15 விநாடியைப் பற்றி 60 வருஷம் பேசுறாங்க.

கம்பெனிகளே மறைவாக வந்த இரவுகள்

இது ஏதோ ஊர் சுத்துற பசங்களின் சேட்டை மட்டும் என்று நினைச்சுடாதீங்க. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் மூன்று நிறுவனங்களுக்கும் தலைமை இடம் டெட்ராய்ட் வட்டாரம்தான். பகலில் ஆபீஸில் என்ஜின் டிசைன் செய்த பொறியாளர்கள், இரவில் அதே என்ஜினை உட்வர்டில் சோதித்துப் பார்த்த கதைகள் ஏராளம். போட்டி கம்பெனியின் கார் எவ்வளவு போகுது என்று தெரிஞ்சுக்க இதைவிடச் சுலபமான வழி ஏது?

ஜிம் வேங்கர்ஸ் என்பவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. போன்டியாக்கின் விளம்பரங்களைச் செய்த ஏஜென்சியில் வேலை பார்த்தவர். தானே ரேஸ் ஓட்டி ஜெயித்தவரும்கூட. உட்வர்டு ஓரத்தில் இருக்கும் ராயல் ஓக் ஊரில் 'ராயல் போன்டியாக்' என்ற டீலர் கடை இருந்தது. வேங்கர்ஸின் யோசனைப்படி அங்கே சாதாரண போன்டியாக் கார்களை டியூன் செய்து, தெருவில் யாரும் நெருங்க முடியாத அளவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

1964 மார்ச்சில் 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை, போன்டியாக் ஜி.டி.ஓ-வை ஃபெராரி ஜி.டி.ஓ-வோடு ஒப்பிட்டு அட்டைப்படக் கட்டுரை போட்டது. போன்டியாக்கின் வேகத்தைப் பார்த்து நாடே வாயைப் பிளந்தது. அதற்குக் கொடுக்கப்பட்ட ஒரு காரில் 6.4 லிட்டர் என்ஜினுக்குப் பதிலாக 6.9 லிட்டர் என்ஜினை ரகசியமாக மாற்றி வைத்திருந்தார்கள் என்று பல வருஷம் கழித்து வேங்கர்ஸே ஒப்புக்கொண்டார்!

கிரைஸ்லர் பக்கம் 'சில்வர் புல்லட்' என்ற கார் பிரபலம். 1967 மாடல் பிளைமவுத் ஜி.டி.எக்ஸ். உட்வர்டில் பெட்ரோல் பங்க் நடத்திய ஜிம்மி அடிசன் என்ற மெக்கானிக் ஓட்டியது. அதிலிருந்த ஹெமி என்ஜின் சுமார் 8 லிட்டர் அளவுக்குப் பெரிதாக்கப்பட்டது. அதற்கான ஸ்பெஷல் பாகங்கள் கிரைஸ்லரிடமிருந்தே வந்தன. வெளியே பார்த்தால் அது ஒரு மெக்கானிக்கின் சொந்தக் கார்.

ஆக, தெருதான் டெஸ்ட் டிராக். தெருவே விளம்பரப் பலகை. ஓட்டின பசங்க சம்பளம் வாங்காத விளம்பர மாடல்கள். இந்த நினைவுகளில் பாதி இளமையின் வேகம் என்றால், மீதி மிக நன்றாக நடந்த வியாபாரம்.

1968-ல் பிளைமவுத் 'ரோடு ரன்னர்' என்ற காரை இறக்கியது. கார்ட்டூன் பறவையின் பெயரைப் பயன்படுத்த வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தார்கள். ஹாரன் அடித்தால் அந்தப் பறவை மாதிரியே 'பீப் பீப்' என்று கத்தும். உள்ளே சொகுசு ஒன்றும் கிடையாது. விலை 3,000 டாலருக்குக் கீழே. முதல் வருஷமே 44,000-க்கு மேல் வித்தது. டீன் ஏஜ் பசங்களுக்காகவே செய்த கார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

கறுப்புப் பேயை ஓட்டியது யார்?

உட்வர்டு கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'பிளாக் கோஸ்ட்' கதை.

70-களின் தொடக்கம். கறுப்பு நிற 1970 டாட்ஜ் சேலஞ்சர் ஒன்று திடீரென்று வரும். பின்னால் வெள்ளைப் பட்டை. மேற்கூரையில் முதலைத் தோல் மாதிரி வினைல். உள்ளே 7 லிட்டர் ஹெமி என்ஜின். வரும், ரேஸ் ஓட்டும், ஜெயிக்கும், மறைஞ்சுடும். அடுத்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஓட்டுறவர் யாரென்றும் தெரியாது. அதனால்தான் 'கறுப்புப் பேய்' என்று பெயர்.

அவர் தன்னை வெளிக்காட்டாமல் இருக்கக் காரணம் இருந்தது. அவர் பெயர் காட்ஃப்ரி குவால்ஸ். ராணுவத்தில் பாராசூட் வீரராக இருந்தவர். வேலை? டெட்ராய்ட் நகர டிராஃபிக் போலீஸ்!

பகலில் வேகமாக ஓட்டுறவங்களுக்கு டிக்கெட் எழுதுகிற ஆள், இரவில் தானே ரேஸ் ஓட்டினார். அவர் கறுப்பினத்தவர் என்பதையும் சேர்த்துப் பாருங்க. 1967 ஜூலையில் டெட்ராய்ட்டில் வெடித்த இனக் கலவரத்தில் 43 பேர் இறந்திருந்தார்கள். 8 மைல் ரோட்டுக்கு இந்தப் பக்கம் பெரும்பாலும் கறுப்பின மக்கள், அந்தப் பக்கம் வெள்ளையர் புறநகர் என்று ஊரே பிரிந்து கொண்டிருந்த நேரம் அது. உட்வர்டு பற்றிய நினைவுகளில் டிரைவ்-இன் ஹோட்டலும் வெள்ளைக்காரப் பசங்களும்தான் அதிகம் வருவார்கள். அந்தப் படத்துக்குள் இந்தக் கறுப்பு சேலஞ்சரை வைத்துப் பார்த்தால் வேறொரு டெட்ராய்ட் தெரியும்.

சில வருஷத்தில் குவால்ஸ் ரேஸை நிறுத்திக் காரை ஷெட்டில் நிறுத்திட்டார். யார் கேட்டும் விற்கவில்லை. 2015-ல் இறப்பதற்கு முன் மகனிடம் ஒப்படைத்தார். 2020-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் அந்தக் கார் இடம் பிடித்தது. 2023-ல் ஏலத்தில் 10 லட்சம் டாலரைத் தாண்டி விலை போனது.

அதே மாதிரி இந்தக் கதைகளில் பெண்கள் என்றால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களாகத்தான் வருவார்கள். ஆனால், நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி ஊர்த் தெருக்களில் டீன் ஏஜிலேயே ரேஸ் ஓட்டிய ஷிர்லி முல்டௌனி, பிறகு முறையான டிராக் ரேஸுக்கு வந்து, டாப் ஃப்யூயல் என்ற உச்சப் பிரிவில் 1977, 1980, 1982 என மூன்று முறை சாம்பியன் ஆனார்.

நினைவில் காணாமல்போன பகுதி

இப்போ அந்த 'வளைவு வந்தால் சிக்கல்' விஷயத்துக்கு வருவோம்.

1964 ஜி.டி.ஓ-வின் எடை சுமார் 1,600 கிலோ. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிஸ்க் பிரேக் அந்தக் காருக்கு 1967 மாடலில்தான், அதுவும் தனியாகக் காசு கொடுத்தால் கிடைக்கும் ஆப்ஷனாக வந்தது.

வேகம் இரண்டு மடங்கானால், காரை நிறுத்த உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். இது ஸ்கூல் பிசிக்ஸ். 80 கி.மீ-ல் போகும் காரை நிறுத்துவதற்கும், 160-ல் போகும் காரை நிறுத்துவதற்கும் இருக்கிற வித்தியாசம் அது. அவ்வளவு ஆற்றலும் வெப்பமாக மாறும். மூடிய டிரம்முக்குள் வெப்பம் வெளியேற வழி குறைவு. இரண்டு, மூன்று முறை பலமாக மிதித்தால் பிரேக் பிடிப்பே போய்விடும். டயர்களும் இன்றைய ரேடியல் டயர்கள் கிடையாது, பழைய மெல்லிய டயர்கள். ஏர்பேக், ஏ.பி.எஸ் எல்லாம் அன்றைக்குக் காரிலேயே இல்லை. சீட் பெல்ட் இருந்தால் அது இடுப்பில் மட்டும். போட்டவங்களும் குறைவு.

சுருக்கமா, ஓடுவதற்கு 1970-ன் சக்தி, நிற்பதற்கு 1950-ன் பிரேக்.

ரால்ஃப் நாடர் 1965-ல் எழுதிய 'அன்சேஃப் அட் எனி ஸ்பீடு' புத்தகம், கார் கம்பெனிகள் பாதுகாப்பைவிட ஸ்டைலுக்கும் வேகத்துக்கும் செலவழிப்பதைப் போட்டு உடைத்தது. அடுத்த வருஷமே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் 1972-ல் அமெரிக்கச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 54,000-க்கும் மேல். அந்த நாட்டின் வரலாற்றிலேயே மிக அதிகமான ஆண்டு அது. எல்லாமே ரேஸால் நடந்தவை கிடையாது. குடி, மோசமான சாலை, பாதுகாப்பில்லாத சாதாரண கார்கள் என்று பல காரணங்கள். ஆனால் அப்படிப்பட்ட சாலையில்தான் அந்த 18 வயசுப் பசங்க 160-ல் போனாங்க. ஓட்டிய தூரத்தோடு ஒப்பிட்டால், இன்று அங்கே சாலை மரணம் அன்றைய அளவில் மூன்றில் ஒரு பங்குதான்.

நினைவுக் கதைகளில் ஒரு விஷயத்தைக் கவனிச்சிருக்கீங்களா? "நான் அன்னிக்கு என்ன வேகம் போனேன் தெரியுமா?" என்று சொல்கிற எல்லோருமே உயிரோடு வீடு வந்து சேர்ந்தவர்கள். சேராதவர்களிடமிருந்து நமக்குக் கதை கிடைப்பதில்லை. ரோட்டைக் கடக்க நின்றவரிடமிருந்தும் கிடைப்பதில்லை. அதனால்தான் எல்லாக் கதைகளிலும் கார் சரியான நேரத்தில் நின்றுவிடுகிறது.

இதை அந்தக் காலத்திலேயே புரிந்துகொண்டவர்களும் இருந்தார்கள். 'ஹாட் ராட்' பத்திரிகையின் ஆசிரியர் வாலி பார்க்ஸ், 1951-ல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். ரேஸ் ஆசையை அடக்க முடியாது, அதைத் தெருவிலிருந்து மூடிய டிராக்குக்கு மாற்றலாம் என்பது அவருடைய எண்ணம். டெட்ராய்ட்டிலும் 1959-ல் ஒரு டிராக் ரேஸ் மைதானம் திறக்கப்பட்டது. ஆனால் டிராக்கில் டிக்கெட் எடுத்து, வரிசையில் நின்று, விதிப்படி ஓட்டணும். உட்வர்டில் சிக்னல் சிவப்பானால் போதும். பல பேர் இரண்டையுமே செய்தார்கள்.

எப்படி முடிந்தது?

1970-தான் உச்சம். செவர்லே செவெல் எஸ்.எஸ் காரில் 7.4 லிட்டர், 450 குதிரைத் திறன் கொண்ட என்ஜின் வந்தது. அதற்கடுத்த மூணு, நாலு வருஷத்தில் எல்லாம் அடங்கிப்போச்சு. நாலு பக்கமிருந்து அடி விழுந்தது.

இன்ஷூரன்ஸ்: விபத்துக் கணக்கைப் பார்த்த நிறுவனங்கள், இளைஞர்கள் ஓட்டும் மஸில் கார்களுக்குப் பிரீமியத்தை ஏற்றிவிட்டன. காரின் தவணையைக் கட்டலாம், இன்ஷூரன்ஸைக் கட்ட முடியாது என்ற நிலைமை. நாலு அடிகளில் முதலில் வலித்தது இதுதான்.

புகைக் கட்டுப்பாடு: 1970-ன் தூய காற்றுச் சட்டத்தால் புகை அளவைக் குறைத்தே ஆகணும். 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் என்ஜின்களை, ஈயம் இல்லாத சாதாரண பெட்ரோலில் ஓடும்படி சக்தியைக் குறைத்து மாற்றியது.

கணக்கு மாற்றம்: அதுவரை என்ஜினைத் தனியாகக் கழற்றி வைத்து, சைலன்ஸர் போன்ற எதுவும் இல்லாமல் அளந்த குதிரைத் திறனை விளம்பரத்தில் போட்டார்கள். 1972-ல் இருந்து, காரில் இருப்பது போலவே எல்லாம் பொருத்தி அளக்கும் முறைக்கு மாறினார்கள். காகிதத்திலும் எண்கள் சரிந்தன.

எண்ணெய் நெருக்கடி: 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் விற்பனையைத் தடை செய்தன. பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசை. 1974-ல் நாடு முழுக்க வேக வரம்பு மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கி.மீ. அந்த வருஷத்தோடு பழைய ஜி.டி.ஓ-வும் நின்றுபோனது. கடைசி வருஷம் வித்தது வெறும் 7,058.

தொடக்கத்திலிருந்து முடிவு வரை சரியாகப் பத்து வருஷம். 18 வயசில் தொடங்கியவருக்கு 28 ஆகியிருக்கும். கல்யாணம், குழந்தை, வேலை. காரும் போச்சு, இளமையும் போச்சு. இரண்டும் ஒரே நேரத்தில் போனதால்தான், பிற்பாடு ஒன்றை நினைக்கும்போது இன்னொன்றும் கூடவே வருகிறது.

மூளை செய்யும் எடிட்டிங்

உளவியலில் இதுக்கு ஒரு பெயர் இருக்கு. 'ரெமினிசன்ஸ் பம்ப்'. நினைவு மேடு என்று சொல்லலாம். நடுத்தர வயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கச் சொன்னால், சுமார் 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் மற்ற வயதுகளைவிட அதிகமாக நினைவுக்கு வருகின்றன. முதல் வேலை, முதல் காதல், முதல் வண்டி எல்லாமே அந்த வயதில் வருவதால், மூளை அவற்றை ஆழமாகப் பதிந்து வைக்கிறது என்பது ஒரு விளக்கம். பெட்ரோல் வாசனையும் வி8 சத்தமும் அந்தப் பதிவைத் திறக்கிற சாவிகள்.

இந்த ஏக்கம் ரொம்ப சீக்கிரமே தொடங்கிவிட்டது என்பதுதான் வேடிக்கை. ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய 'அமெரிக்கன் கிராஃபிட்டி' 1973-ல் வந்தது. கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ ஊரில், 1962-ல், ஒரே இரவில் பசங்க காரில் சுத்துவதும் விடியலில் ரேஸ் ஓட்டுவதும்தான் கதை. 11 வருஷத்துக்கு முந்தைய வாழ்க்கையை ஏதோ தொலைந்துபோன உலகம் மாதிரி காட்டியது, படமும் சூப்பர் ஹிட்! நடுவில் வியட்நாம் போர் நடந்திருந்தது. காரில் சுத்தியவர்களில் பலர் போருக்குப் போனார்கள். திரும்பி வராதவர்களும் உண்டு. அந்த ஏக்கத்தில் காரைவிடப் பெரிய இழப்புகளும் கலந்திருந்தன.

இப்போ அந்த ரோட்டில் என்ன நடக்குது?

1995-ல் உட்வர்டு ஓரத்து ஃபெர்ன்டேல் ஊரில், குழந்தைகளின் கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்டணும் என்று ஒரு பிளம்பரும் நண்பர்களும் யோசித்தார்கள். "பழைய கார்களை எல்லாம் கொண்டு வரச் சொல்லி, அந்தக் கால மாதிரி ஒரு சுத்து சுத்தலாமே?" 40,000 பேர் வந்தால் அதிகம் என்று நினைத்த இடத்தில் சுமார் 2.5 லட்சம் பேர் வந்தார்கள்! அதுதான் 'உட்வர்டு டிரீம் குரூஸ்'. இன்று ஒவ்வொரு ஆகஸ்டிலும் பத்து லட்சம் பேர் வரை கூடும் திருவிழா.

அன்றைக்கு ரோட்டோரம் முழுக்க மடக்கு நாற்காலி. தாத்தா, மகன், பேத்தி என்று மூன்று தலைமுறை உட்கார்ந்து பார்க்கும். 400 குதிரைத் திறன் கார்கள் டிராஃபிக்கில் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போகும். ரேஸே இல்லை. ஆனாலும் யாரும் குறைபட்டுக்கொள்வதில்லை. அவங்களுக்கு வேண்டியிருந்தது ஊரே ஒரு ரோட்டில் கூடி, காரைச் சாக்காக வைத்து ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பதுதானோ என்று தோன்றும். ஓட்டியே ஆகணும் என்பவர்களுக்காக, 2016-ல் டாட்ஜ் நிறுவனத்தின் விழாவில் போன்டியாக் ஊரில் உட்வர்டின் ஒரு பகுதியையே மூடி, தடுப்புச் சுவர் வைத்து, சட்டப்படி டிராக் ரேஸ் நடத்தினார்கள்.

கார்களும் மாறிவிட்டன. 2023 டிசம்பரில் வி8 என்ஜினோடு வந்த டாட்ஜ் சேலஞ்சரின் உற்பத்தி முடிந்தது. அதன் கடைசி ஸ்பெஷல் மாடல்களில் ஒன்றின் சக்தி 1,025 குதிரைத் திறன் வரை. அதற்கடுத்து வந்த எலெக்ட்ரிக் சார்ஜர், 60-களின் எந்த ராட்சசனையும் சத்தமில்லாமல் முந்திவிடும். ஆனால் சத்தமில்லாமல் விட அவர்களுக்கு மனசில்லை. வி8 உறுமல் மாதிரியே செயற்கையாகச் சத்தம் எழுப்பும் ஒரு அமைப்பை அதில் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு வேகத்தை வித்தாங்க. இன்றைக்கு அந்த வேகத்தின் ஞாபகத்தை விக்கிறாங்க.

அடுத்த முறை யாராவது பெரியவர் கண்ணை விரித்துக்கொண்டு தன் இளமைக்கால ரேஸ் கதையைச் சொன்னால், நல்லா ரசிச்சுக் கேளுங்க. வேகம் எவ்வளவு, வண்டி என்ன என்பதை அவரே சொல்லிடுவார். முடிந்ததும் நீங்க ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அன்னிக்கு உங்ககூட ஓட்டினவங்க எல்லாம் இப்போ எங்கே இருக்காங்க?" கதையின் மீதிப் பாதி அதற்கப்புறம்தான் வரும்.